திருதிருவென விழிக்க வைக்கும் ஒரு வினைச்சொல்

‘கன்ஃப்யூஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலோ ஒரு நாவலிலோ ‘ஃப்ளமக்ஸ்’ என்ற சொல் ஒருநாள் எதிரே வந்து நிற்கும். கைக்கு அடக்கமான அகராதியைப் புரட்டினால் ‘குழப்பு’ என்று ஒரே சொல்லில் பதில் இருக்கும். அதை நம்பி, ‘கன்ஃப்யூஸ்’ வரும் இடத்தில் எல்லாம் இதைத் தூக்கி வைத்தால் சில இடங்களில் பொருந்தும். மற்ற இடங்களில் கேட்பவர் நெற்றியைச் சுருக்குவார். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

முதல் படி: பொருளைப் பிடிப்பது

வகுப்பில் ஆசிரியர் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்கிறார். மாணவன் எழுந்து நிற்கிறான். பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. திருதிருவென விழிக்கிறான். அப்படி விழிக்க வைப்பதுதான் ‘ஃப்ளமக்ஸ்’. வெறும் குழப்பம் போதாது. அடுத்து என்ன சொல்வது, என்ன செய்வது என்று தெரியாமல் ஆள் அப்படியே நின்றுவிட வேண்டும். இரண்டு பஸ் எண்களை மாற்றி நினைத்துக்கொள்வது குழப்பம்தான், ஆனால் ‘ஃப்ளமக்ஸ்’ ஆகாது. இறங்கிய நிறுத்தத்தில் ஒரு பெயர்ப் பலகையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால் இந்தச் சொல் வந்துவிடும்.

சொல்லின் வயதும் வளர்ப்பும் தெரிந்தால் தொனி பிடிபடும். 1830களில் இது அச்சில் தென்படத் தொடங்கியது. இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பதோடு அகராதிகள் நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் வேர் பிடிபடவில்லை. 1836, 1837 ஆண்டுகளில் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் டோனி வெல்லர் என்ற கோச்சு வண்டிக்காரர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். இத்தாலியர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று கூடவே அளந்தும் விடுகிறார். இத்தாலிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: வண்டிக்காரர் வாயில் புழங்கிய சொல் இது, நீதிமன்றத் தீர்ப்பிலோ ஆய்வேட்டிலோ பிறந்தது அல்ல. இன்று மதிப்புமிக்க நாளிதழ்கள்கூடத் தாராளமாக எழுதுகின்றன. ஆனாலும் அந்த இலேசான வேடிக்கைத் தொனி அதை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் படி: வாயில் பழக்குவது

எழுத்துக் கூட்டு: எஃப், எல், யூ, எம், எம், ஓ, எக்ஸ். எழுதும்போது எம் இரண்டு, ஒலிப்பது ஒன்று. அம்மா, சும்மா என்று இரட்டித்த மெய்யை அழுத்தியே பழகிய நாக்கு இங்கும் அழுத்தப் பார்க்கும், விடாதீர்கள். நாம் ‘சம்மர்’ என்று அழுத்திச் சொல்லும் சொல்லையும் ஆங்கிலேயர்கள் ‘சமர்’ போலத்தான் சொல்கிறார்கள். அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். இரண்டாம் அசை தேய்ந்து ஒலிக்கும். எழுத்தில் ஓ இருக்கிறதே என்று ‘ஃப்ளமாக்ஸ்’ என நீட்ட வேண்டாம். தொடக்கத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு: இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் இகரத்தை நுழைத்துப் ‘பிளமக்ஸ்’ ஆக்கிவிடுவோம். மேல்பல் கீழுதட்டைத் தொட, காற்றை விட்டபடியே லகரத்துக்குப் போய்விடுங்கள்.

இறந்தகாலத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடைசியில் இ, டி சேர்த்து எழுதுகிறோம், ஒலிப்பு ‘ஃப்ளமக்ஸ்ட்’. ‘ஃப்ளமக்சட்’ இல்லை. வங்கியில் ‘ஃபிக்சட் டெபாசிட்’ என்று சொல்லிச் சொல்லி நமக்கு அந்த ‘சட்’ ஊறிவிட்டது. அங்கேயும் ஆங்கில ஒலிப்பு ‘ஃபிக்ஸ்ட்’தான். நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்று வரும்போது மட்டும் ஓர் அசை கூடி ‘ஃப்ளமக்சிஸ்’ ஆகும். எந்த வடிவத்திலும் எக்ஸ் இரட்டிக்காது.

மூன்றாம் படி: யார் செய்தது, யார் பட்டது

இதைத் தாண்டிவிட்டால் மற்றவை எளிது. இதில் சறுக்கினால் மேலே படித்தது எதுவும் உதவாது. ஆகவே கொஞ்சம் நின்று போவோம்.

தமிழில் ‘குழம்பு’ ஒரு வினை, ‘குழப்பு’ வேறொரு வினை. நான் குழம்பினேன்; அவர் என்னைக் குழப்பினார். மெல்லின மெய் வல்லினமானதும் பட்டவர் யார், செய்தவர் யார் என்பது தெளிந்துவிடுகிறது. கலங்கு, கலக்கு, மயங்கு, மயக்கு, திரும்பு, திருப்பு எல்லாம் இதே குடும்பம். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃப்ளமக்ஸ்’ பிறவினைப் பக்கம் மட்டுமே நிற்கும். அதற்கு ‘குழம்பு’ போன்ற தன்வினைத் துணை கிடையாது. நீங்கள் குழம்பியதைச் சொல்ல வேண்டுமானால் அதே வினையைச் செயப்பாட்டு வினையாக்கித்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே ‘ஐ ஃப்ளமக்ஸ்ட்’ என்று நிறுத்தினால், ‘நான் திணறடித்தேன்’ என்று சொல்லிவிட்டு யாரை என்று சொல்லாமல் விட்டதாக ஆகும். திணறியது நீங்கள் என்றால் ‘ஐ வாஸ் ஃப்ளமக்ஸ்ட்’. பேச்சில் ‘ஐ காட் ஃப்ளமக்ஸ்ட்’ என்றும் சொல்லலாம். இதைவிட விபரீதமானது ‘ஐ ஆம் ஃப்ளமக்சிங்’. ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறது’ என்ற நினைப்பில் ‘ஐ ஆம் கன்ஃப்யூசிங்’ என்று சொல்பவர்களை எந்த ஊர் அலுவலகத்திலும் பார்க்கலாம். அவர்கள் சொல்ல நினைப்பது ஒன்று, கேட்பவர் காதில் விழுவது ‘நான் பிறரைக் குழப்புகிற ஆள்’ என்பது. ‘இங்’ முடிவு குழப்பும் பொருளுக்கு, ‘எட்’ முடிவு குழம்பிய ஆளுக்கு. கேள்வி ஃப்ளமக்சிங், நீங்கள் ஃப்ளமக்ஸ்ட்.

அடுத்து, எழுவாய் இடத்தில் யாரை உட்கார வைப்பது? இங்கே நம் பழக்கமும் ஆங்கிலப் பழக்கமும் சற்றே பிரிகின்றன. ‘அந்தக் கேள்வியைப் பார்த்ததும் திகைத்துப்போனேன்’ என்று நாம் ஆளை வைத்துப் பேசுவோம். ஆங்கிலம் கேள்வியையே செய்பவராக்கும்: ‘தி கொஸ்டின் ஃப்ளமக்ஸ்ட் மீ’. படிவம், வரைபடம், வரி விதி, புதிய கைபேசிச் செயலி, ஒருவரின் திடீர் மௌனம் என எதுவும் அந்த இடத்தில் அமரலாம். மனிதர்களும் அமரலாம், ஆனால் அப்போதும் அவர்கள் சொன்னதோ செய்ததோதான் பெரும்பாலும் எழுவாயாகும். ‘ஹெர் ரிப்ளை ஃப்ளமக்ஸ்ட் ஹிம்’ என்பது ‘ஷி ஃப்ளமக்ஸ்ட் ஹிம்’ என்பதைவிட இயல்பாக விழும், படிப்பவருக்கும் காரணம் தெரிந்துவிடும். திட்டமிட்டுக் குழப்பினார் என்ற குற்றச்சாட்டு இந்தச் சொல்லில் தானாக ஒட்டிக்கொண்டிருக்காது என்பதை நினைவில் வையுங்கள். படிவம் என்ன சதி செய்யும்?

செயப்படுபொருள் இடத்தில் மனம் உள்ளவை வேண்டும்: ஒருவர், ஒரு குழு, வல்லுநர்கள், எதிரணி, அரசாங்கம். ‘உண்மைகளைக் குழப்பினார்’ என்பதற்கு இதைப் போட முடியாது. அந்த வேலைக்கு ‘ஆப்ஃபஸ்கேட்’ என்ற வேறு வினை இருக்கிறது. நாம் பூசி மெழுகுவது, மழுப்புவது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. அங்கே ஆள் குழம்பலாம், குழம்பாமலும் போகலாம், மறைக்கப்படுவது விஷயம்.

நான்காம் படி: கூடவே வரும் சொற்கள்

தனிச்சொல்லைப் பாடம் செய்வதைவிட, அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து திரிகிறது என்று பார்ப்பது லாபம். பெரும்பாலும் செயப்பாட்டு வடிவில்தான் இதைச் சந்திப்பீர்கள், காரணத்துக்கு முன்னால் ‘பை’ வரும்: ‘ஐ வாஸ் ஃப்ளமக்ஸ்ட் பை தி இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’. ‘வித்’ போடாதீர்கள். ஏன், எப்படி என்று தெரியாமல் நின்றதைச் சொல்ல ‘ஆஸ் டு’ உதவும்: ‘தே வேர் ஃப்ளமக்ஸ்ட் ஆஸ் டு வை தி லைட்ஸ் வென்ட் அவுட்’.

அளவைச் சொல்ல ‘கம்ப்ளீட்லி’, ‘அட்டர்லி’ இரண்டும் இயல்பாகச் சேரும். ‘வெரி’ அவ்வளவாகச் சேராது, காரணம் எளிது: ஆள் விழித்து நின்றுவிட்டான் என்றால் நின்றுவிட்டான்தான். ஆனால் பிரிட்டிஷார் ‘அ பிட் ஃப்ளமக்ஸ்ட்’ என்று அடக்கி வாசிப்பார்கள். அவர்கள் ‘சற்றே’ என்று சொன்னால் நிலைமை சற்றே அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சட்டகங்களைக் கைவசம் வைத்திருங்கள். ‘ஹி லுக்ட் ஃப்ளமக்ஸ்ட்’ என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்தது என்று பொருள். ‘தி நியூஸ் லெஃப்ட் அஸ் ஃப்ளமக்ஸ்ட்’ என்றால் செய்தி வந்து போன பிறகும் அந்த விழிப்பு நீங்கவில்லை. எதிர்மறையில் இந்த வினை தனி அழகு பெறும்: ‘நத்திங் ஃப்ளமக்சிஸ் ஹெர்’. எதற்கும் அசராதவர் என்று ஒருவரைப் பாராட்டச் சிக்கனமான வாக்கியம் இது. சொல்லைக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்தப் பயன்பாட்டை மறந்துவிடுகிறார்கள்.

‘ஃப்ளமரி’ என்று ஒரு பெயர்ச்சொல் கண்ணில் பட்டால் இதன் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். அது வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது. முதலில் ஒருவகைக் கூழ், பிறகு வெற்றுப் புகழுரை.

ஐந்தாம் படி: பங்காளிகளைப் பிரித்தறிவது

அதிகம் தடுமாற வைப்பது ‘பாம்பூசில்’. ஒலிக்கும்போதே கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும் இந்தச் சொல்லில் ஏமாற்று இருக்கிறது. காதில் பூச் சுற்றுவது, தலையில் மிளகாய் அரைப்பது என்று நாம் சொல்வதெல்லாம் இதன் எல்லைக்குள் வரும். குழப்புகிறவருக்கு அதில் ஆதாயம் உண்டு. அதனால்தான் ‘இன்டு’ இதனோடு சேர்கிறது: ‘ஹி பாம்பூசில்ட் மீ இன்டு சைனிங்’, பேசிப் பேசியே கையெழுத்து வாங்கிவிட்டார். ‘ஃப்ளமக்ஸ்’ இப்படி ‘இன்டு’ ஏற்காது. ‘பாம்பூசில்’ 1700களின் தொடக்கத்திலேயே புழங்கியது. 1710இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ஆங்கிலத்தைக் கெடுக்கும் புதுச்சொற்களில் ஒன்று என்று இதைக் கண்டித்து எழுதினார். ஸ்விஃப்ட் போய்ச் சேர்ந்தார், சொல் நிலைத்துவிட்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிரிக்கெட் வர்ணனையில் போலத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. 2008ஆம் ஆண்டு ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், கராச்சி. இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்கள் கொடுத்து 6 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்தார். விரலால் சுண்டிவிடும் அவருடைய ‘கேரம் பால்’ எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளர்களால் கணிக்க முடியவில்லை. இந்த ஆட்டத்தைப் பந்துவீச்சாளர் பக்கமிருந்து சொன்னால் ‘பாம்பூசில்’: அவர் வேண்டுமென்றே ஏய்க்கிறார், அதுதான் அவர் தொழில். மட்டையாளர் பக்கமிருந்து சொன்னால் ‘ஃப்ளமக்ஸ்ட்’: முன்னே ஆடுவதா பின்னே போவதா என்று தெரியாமல் நிற்கிறார். நிகழ்ச்சி ஒன்றுதான், நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. அடுத்த முறை ஆங்கில வர்ணனை கேட்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

‘டிஸ்கம்பாபுலேட்’ அமெரிக்கச் சரக்கு. 1830களில் அங்கே இலத்தீன் வேடமிட்ட நெடுஞ்சொற்களைக் கேலிக்காக உருவாக்குவது ஒரு மோகமாக இருந்தது. அப்போது பிறந்த சொற்களில் பல மறைந்துபோக, இது தங்கிவிட்டது. ஒரு கேள்வியால் விழிப்பதற்கு இது வேண்டாம். மொத்தமாக நிலைகுலைந்து, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் இது சரி. அமெரிக்காவின் மில்வாக்கி நகர விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் பெஞ்சுகள் போட்ட ஓர் இடம் இருக்கிறது. கழற்றிய பெல்ட், பையிலிருந்து எடுத்த மடிக்கணினி எல்லாவற்றையும் மீண்டும் ஒழுங்குசெய்துகொள்ளும் இடம். அங்கே 2008இல் ‘ரீகம்பாபுலேஷன் ஏரியா’ என்று பலகை மாட்டினார்கள். குலைந்தவர்கள் மீளும் இடம்! அந்த ஆண்டின் கற்பனை வளம் மிக்க சொல்லாக அதை அமெரிக்க வழக்குச்சொற் கழகம் தேர்ந்தெடுத்தது. சொல்லின் பொருளை அந்தப் பலகையைவிடச் சுருக்கமாக எந்த அகராதியாலும் விளக்க முடியாது.

மற்றவை விரைவாக. ‘பாஃபில்’ விளக்கம் கிடைக்காத மர்மத்துக்கு. மருத்துவர்களும் காவல்துறையும் செய்தித் தலைப்புகளில் அடிக்கடி ‘பாஃபில்ட்’ ஆகிறார்கள். ‘பிவில்டர்’ ஒரே நேரத்தில் பல திசையிலிருந்தும் வந்து மோதுகிற திகைப்புக்கு. ‘பிமியூஸ்’ என்ற சொல்லைப் பலரும் ‘அமியூஸ்’ போல இலேசான புன்னகையோடு எழுதுகிறார்கள், மூலப் பொருள் குழப்பம்தான். ‘நான்பிளஸ்ட்’ பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பேச்சற்றுப்போனவர் என்பது அதன் பழைய பொருள், அமெரிக்காவில் பலர் ‘சற்றும் அசராதவர்’ என்று நேர் எதிராகவும் பயன்படுத்துகிறார்கள். எழுதுபவர் எதை நினைத்தார் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டிவரும்.

ஆறாம் படி: எங்கே வேண்டாம்

ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடும் பிழைக்கு ‘கன்ஃப்யூஸ்’ மட்டுமே: ‘பீப்பிள் கன்ஃப்யூஸ் ஸ்லோவாக்கியா வித் ஸ்லோவேனியா’. இங்கே ‘ஃப்ளமக்ஸ்’ வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். மருத்துவமனைச் சூழலிலும் வேண்டாம். நோயாளி ‘கன்ஃப்யூஸ்ட்’ என்று குறிப்பது நினைவுத் தடுமாற்றத்தைச் சுட்டும் மருத்துவக் குறிப்பு, அந்த இடத்தில் வேடிக்கைத் தொனியுள்ள சொல் நுழையக் கூடாது. இரங்கல் கடிதம், வழக்கறிஞர் அறிவிப்பு, அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் மனு, எல்லாவற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ‘யுவர் ஃபார்ம் ஹாஸ் ஃப்ளமக்ஸ்ட் மீ’ என்று ஒரு துறைக்கு எழுதினால் வேடிக்கை செய்கிறீர்களா, புகார் செய்கிறீர்களா என்று அவர்கள் யோசிப்பார்கள். ‘செக்‌ஷன் த்ரீ இஸ் நாட் கிளியர்’ என்று எழுதினால் வேலை நடக்கும். நண்பருக்கோ, பழகிய சக ஊழியருக்கோ, பத்திரிகைக் கட்டுரைக்கோ தடையில்லை. ஆனாலும் ஒரே பக்கத்தில் இரண்டு முறை வேண்டாம். அபூர்வச் சொல் திரும்ப வந்தால், புதுச்சட்டையைக் காட்டிக்கொள்வது போல் ஆகிவிடும்.

ஏழாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

கீழே உள்ளவற்றில் எந்த வினை பொருந்தும் என்று பதிலைப் படிக்கும் முன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். இது நம் சொல்லுக்கென்றே அளவெடுத்த காட்சி: ‘ஒன் கொஸ்டின் ஆன் தி ஃபார்ம் ஃப்ளமக்ஸ்ட் மை ஃபாதர்’.

பழைய கார் விற்பவர் ஏதேதோ எண்களை அடுக்கி, வேண்டாத காப்பீட்டையும் வாங்க வைத்துவிட்டார். இங்கே ஆதாயம் அவருக்கு. ‘பாம்பூசில்’, கூடவே ‘இன்டு’.

இரட்டைச் சகோதரிகளில் அக்காவைத் தங்கை பெயரால் கூப்பிட்டுவிட்டேன். ‘கன்ஃப்யூஸ்’, கூடவே ‘வித்’. வேறெதுவும் சேராது.

மூன்று விமானங்கள் மாறி வந்திறங்கியவருக்கு இன்று என்ன கிழமை, இப்போது பசிக்கிறதா தூக்கம் வருகிறதா என்றே தெரியவில்லை. ‘டிஸ்கம்பாபுலேட்டட்’. ‘ஃப்ளமக்ஸ்ட்’ என்று எழுதினால் பெரிய தவறில்லை, ஆனால் அவர் முன் எந்தக் கேள்வியும் இல்லை; குலைந்திருப்பது ஆள் முழுவதும்.

நேரடிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பேச்சாளர் சுற்றி வளைத்தே இருபது நிமிடத்தை ஓட்டுகிறார். அவர் செய்தது ‘ஆப்ஃபஸ்கேட்’. அதைக் கேட்டு முன்வரிசையில் இருப்பவர் கைதட்டுவதா வேண்டாமா என்று விழித்தால், அவர் ‘ஃப்ளமக்ஸ்ட்’.

ஐந்து வயதுப் பேத்தி ‘வானம் எங்கே முடிகிறது?’ என்று கேட்க, தாத்தா வாயடைத்துப்போனார். ‘ஃப்ளமக்ஸ்ட்’ கச்சிதம். ‘ஸ்டம்ப்ட்’ என்றாலும் சரி, அது இன்னும் எளிய சொல், பதில் தெரியாத கேள்விக்கென்றே உள்ளது. ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், விக்கெட் காப்பாளர் தாத்தாவை ஆட்டமிழக்கச் செய்ததாக நினைத்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் காட்டைத் திருத்திய நிலங்களில் மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணில் அப்படியே கிடக்கும். உழும்போது கலப்பை அதில் மோதி நின்றுவிடும். அங்கிருந்து வந்த பொருள் என்றுதான் கருதப்படுகிறது.